பெரியப்பா பார்க்கப் போன கார்

பெரியப்பாவுக்கு, விற்பனைக்கு வரும் பொருள்களைப் போய்ப் பார்ப்பதில் தீராத ஆசை இருந்தது. வாங்குவதில் அல்ல, பார்ப்பதில் மட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கிலீஷ் பேப்பர் வந்ததும் அரசியலையும் கிரிக்கெட்டையும் அப்பாவிடம் தள்ளிவிட்டு, வரி விளம்பரப் பக்கத்தை மட்டும் உருவிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். எதையாவது சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவார். பிறகு தெருமுனை டெலிபோன் பூத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வருவார். சாயங்காலம் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிவிடுவார்.

இப்படியே ஆழ்வார்பேட்டையில் ஒரு பியானோவையும், பாலவாக்கத்தில் கடலைப் பார்த்த ஒரு பங்களாவையும், ஊருக்குத் திரும்பவிருந்த ஒரு வெள்ளைக்காரரின் தேக்கு மேஜையையும் அவர் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பியானோவில் ஒரு கட்டை ஒட்டிக்கொள்கிறது, கடற்காற்று ஜன்னல் கம்பிகளைத் தின்றுவிடும் என்று கௌரவமான ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுத் திரும்புவார். விலையை மட்டும் கேட்க மாட்டார். விலை கேட்பது இல்லாதவர்கள் செய்கிற காரியம் என்பது அவர் கட்சி. பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. எதிராளி தானாக ஒன்றை நினைத்துக்கொண்டால் அதை அவர் திருத்துவதில்லை, அவ்வளவுதான். நல்ல உயரமும், ரேடியோவில் செய்தி வாசிப்பவர் போன்ற குரலும், ஏறு நெற்றியும் சேர்ந்து அவரை ஒரு கம்பெனி முதலாளியாகக் காட்டும். தேனாம்பேட்டையில் ஓர் ஆபீஸில் அவர் ஹெட் கிளார்க்காக இருந்தார்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரே வீட்டின் முன் போர்ஷனில் நாங்களும் பின் போர்ஷனில் பெரியப்பாவும் பெரியம்மாவும் குடியிருந்தோம். அவர்களுக்குக் குழந்தை இல்லை. பெரியப்பாவின் இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி வீட்டில் யாரும் வாய்திறப்பதில்லை. சிலர் சீட்டாடுவார்கள், இவர் இப்படி என்று விட்டுவிட்டார்கள்.

எனக்குப் பதினோரு வயது. அந்த ஞாயிற்றுக்கிழமை சிவப்பு வட்டத்துக்குள் இருந்தது ஒரு கார். பெரியம்மாவுக்குப் புரிவதற்காகப் பெரியப்பா அதைத் தமிழில் உரக்கப் படித்தார். வெளிநாட்டில் செய்த பெரிய கார், மேற்கூரையை மடக்கிப் பின்னால் வைத்துக்கொள்ளலாம், ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது, உள்ளும் புறமும் புதுக்கருக்கு அழியாதது, உண்மையாக வாங்க விரும்புகிறவர்கள் மட்டும் வரவும்.

பெரியம்மா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

“மேல ஒண்ணுமே இருக்காதா? காத்து நேரா மூஞ்சில அடிக்குமா?”

“பின்னே? அதுக்குத்தானே அந்த வண்டி.”

“அப்போ நானும் வரேன்” என்றாள்.

அதுவரை அவள் எந்தப் பொருளையும் பார்க்கப் போனதில்லை. பெரியப்பா அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, வருவதென்றால் குழந்தையும் வரட்டும், குடும்பமாகப் போனால் ஒரு கௌரவம் என்றார். எனக்குத் தீபாவளிப் பட்டுப்பாவாடை எடுத்து மாட்டப்பட்டது. பெரியம்மா தன் அரக்கு நிறக் கூறைப்புடவையை உடுத்திக்கொண்டாள். விளம்பரத்தின் கடைசி வரி எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்ததால் கேட்டுவிட்டேன்.

“உண்மையா வாங்கறவா மட்டும்னு போட்டிருக்கே பெரியப்பா?”

“வாங்கறவா மட்டும் என்ன, பார்க்காமலேயா வாங்கறா?” என்றார்.

அடையாறுக்கு ஆட்டோவில் போனோம். பட்டுப்புடவை கசங்கும் என்பதால் பஸ் கூடாது. ஆனால் ஆட்டோவில் வந்து இறங்குவதை அந்த வீட்டார் பார்த்துவிடவும் கூடாது. ஆகவே ஒரு தெருவுக்கு முன்னாலேயே இறங்கி நடந்தோம். நாலு மணி வெயில். ஒரு மரத்தடியில் நின்று பெரியப்பா கைக்குட்டையால் முதலில் நெற்றியையும் அப்புறம் செருப்பையும் துடைத்துக்கொண்டார். எதிரே வந்த ஒரு சைக்கிள்காரர், கல்யாணத்துக்குப் போய் வழிதவறியவர்கள் என்று நினைத்தாரோ என்னவோ, எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். எனக்கு வெட்கம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

ஆற்றை ஒட்டிய தெருவில் பெரிய பங்களா. மல்லுவேட்டியும் முழுக்கைச் சட்டையும் போட்ட ஒருவர் தாமே வந்து கேட்டைத் திறந்தார். வெட்டிய தாடி, மெலிந்த உடம்பு, பெரியப்பாவைவிடச் சற்று இளையவராக இருக்கலாம். தோல் வியாபாரம் செய்கிற குடும்பம் என்று போனிலேயே சொல்லியிருந்தாராம்.

“வாங்க சார், வாங்கம்மா. வாட்ச்மேன் இன்னிக்கு லீவு” என்றார்.

“டிரைவர்களுக்கும் ஞாயித்துக்கிழமை லீவுதானே. அதான் இப்படி நடந்து...” என்று வாக்கியத்தை அந்தரத்தில் விட்டார் பெரியப்பா.

“நடக்கறது நல்லதுதானே சார்” என்றார் அவர்.

ஹால் எங்கள் வீடு மொத்தத்தையும் உள்ளே வைத்துவிடலாம் போல இருந்தது. எங்களைப் பிரம்பு நாற்காலிகளில் உட்கார வைத்துவிட்டு அவர் ஜன்னல் கட்டையில் சாய்ந்து நின்றுகொண்டார். வேறு நாற்காலி இல்லை. சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடங்கள் வெளுத்துச் சதுரம் சதுரமாகத் தெரிந்தன. பணக்காரர்கள் வீட்டில் சாமான்களை அடைத்து வைக்க மாட்டார்கள், குழந்தைகள் ஓடியாட இடம் விட்டிருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு பின்பக்கத்து ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளைத் துணியை இரண்டு கையாலும் மெதுவாக உருட்டி எடுத்தார். நான் அப்படி ஒரு காரைப் பார்த்ததில்லை. பாலாடை நிறத்தில், ஒரு கட்டுமரம் போல நீளமாகப் படுத்திருந்தது. முன்பக்கத்து நிக்கல் பட்டைகளில் பெரியம்மாவின் புடவை சிவப்பாக நெளிந்தது. உள்ளே மாதுளம்பழ நிறத்தில் தோல் சீட்டுகள், பலகை போட்ட டாஷ்போர்டு, அதில் ஒரு சின்னக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். குனிந்து ஒரு டயரைப் பார்த்தார். “ம்” என்றார்.

“எங்க அத்தா வாங்கினது சார். என் கல்யாண ஊர்வலம்கூட இதுலதான். மழையில எடுத்ததே கிடையாது” என்றார் அவர்.

“அப்புறம் ஏன் விக்கறேள்?” என்று கேட்டாள் பெரியம்மா. பெரியப்பா இருமினார்.

அவர் கையிலிருந்த துணியை இன்னொரு மடிப்பு மடித்தார். “வெச்சுக்கிட்டு என்னம்மா பண்றது? இதையெல்லாம் ஆசையா ஓட்டறதுக்கு வீட்ல ஆளு வேணும்ல.”

அவர் பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ என் பக்கம் திரும்பினார். “பாப்பா உங்க பொண்ணா?”

பெரியப்பா வழக்கம்போலப் புன்னகைத்துச் சும்மா இருந்திருப்பார். பெரியம்மாதான் சொன்னாள். “ஆமாம். எங்க பொண்ணுதான்.” சொல்லிவிட்டு என் தலையில் கைவைத்து, கலையாத முடியை ஒதுக்கிவிட்டாள். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாத பெரியம்மா. எனக்குக் காது இரண்டும் சுட்டன. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு தட்டில் ரோஸ்மில்க் தம்ளர்களை ஏந்திக்கொண்டு அந்த வீட்டுப் பெண் வந்தாள். நிமிர்ந்து பார்த்தேன். நஸீமா.

சாந்தோமில் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் அவளும் நானும் ஒரே பெஞ்ச். அவள் தினமும் வெள்ளை அம்பாசடரில் வந்து இறங்குவாள், டிரைவர் பையைக் கையில் எடுத்துக் கொடுப்பார். என்னை அப்பா சைக்கிள் காரியரில் வைத்துக் கொண்டுவந்து அதே கேட்டில் விடுவார். அவள் என் அப்பாவைத் தினமும் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் மழையில் செயின் கழன்று அப்பா கையெல்லாம் கிரீஸோடு நின்றபோதுகூடப் பார்த்திருக்கிறாள். இப்போது என் பட்டுப்பாவாடையையும், கம்பெனி முதலாளி போல நின்ற என் பெரியப்பாவையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

“பாப்பா எந்த ஸ்கூல்?” என்று கேட்டார் அவள் அப்பா.

பெரியப்பா பள்ளியின் பெயரைப் பெருமையோடு சொன்னார்.

“அட, நம்ம நஸீமாவும் அங்கதான் சார்! எந்தக் கிளாஸ்மா? ஆறாவதா? நஸீமா, இவங்களைத் தெரியுமா உனக்கு?”

ஷெட்டுக்குள் ஒரு குருவி கத்திக்கொண்டிருந்தது. நஸீமா என் முகத்தைப் பார்க்காமல், தம்ளரைப் பார்த்துச் சொன்னாள்.

“தெரியாது அத்தா. வேற செக்‌ஷனா இருக்கும்.”

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்றிருந்தது எனக்கு. என்னைத் தெரியும் என்று சொல்லிக்கொள்வதற்கே அவளுக்கு அருவருப்பாக இருக்கிறது என்று நினைத்தேன். ரோஸ்மில்க்கை ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியம்மா என் தம்ளரை வாங்கித் தானே குடித்து முடித்தாள், அந்த வீட்டில் எதையும் மிச்சம் வைக்கக் கூடாது என்பதுபோல.

“ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாமா சார்? ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும்” என்றார் அவர்.

கூரை பின்னால் மடங்கிச் சுருண்டது. பெரியப்பா முன்னால் உட்கார்ந்தார். பின் சீட்டில் பெரியம்மா நடுவில், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நஸீமா. அவள் வருவதாக இல்லை. அவள் அத்தாதான், “நீயும் வா, இனிமே எப்போ போகப் போற” என்று கூப்பிட்டார்.

அடையாற்றுப் பாலத்தில் ஏறியபோது காற்று மொத்தமாக எங்கள் மேல் விழுந்தது. பெரியம்மாவின் தலைப்பு பறந்து பின்னால் படபடத்தது. பூ அவிழ்ந்தது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வாய்விட்டு, கையால் மறைக்காமல், பாலம் முடிகிறவரை சிரித்தாள். வீட்டில் அவள் சிரித்துக் கேட்டதே இல்லை என்பதுகூட எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. நஸீமா பக்கத்தில் இருக்கும்போது இவள் இப்படிச் சிரிக்கிறாளே என்று சீட்டில் ஒடுங்கிப்போனேன்.

சாந்தோம் தேவாலயத்தைத் தாண்டியதும் பெரியப்பா வாயைத் திறந்தார். “அப்படியே கச்சேரி ரோடு வழியா மாட வீதிக்குப் போங்கோ. சந்து பொந்துல எப்படித் திரும்பறதுன்னு பார்த்துண்டுடலாம்.”

மாட வீதி எங்கள் தெருவை ஒட்டிய வீதி. ஒவ்வொரு கடைக்காரருக்கும் எங்களைத் தெரியும். பெரியப்பாவுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் கேட்டார். வாழ்க்கையில் ஒரு தடவை அந்த வீதியில் அப்படிப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்த ஆசையில் மற்றதையெல்லாம் மறந்துவிட்டார்.

வடக்கு மாட வீதியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கார் ஊர்ந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. பெரியப்பா நேராகப் பார்த்தபடி, லேசாகத் தலையசைத்துக்கொண்டு வந்தார். எதிரே ஒரு மாட்டு வண்டி திரும்ப முடியாமல் நிற்க, நாங்களும் நின்றோம், சரியாக எங்களுக்கு வாடிக்கையாகப் பூ கொடுக்கும் அம்மாள் கூடையோடு உட்கார்ந்திருந்த இடத்தில். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு எழுந்தே வந்துவிட்டாள்.

“இன்னா சாமி! ஆளே அடையாளம் தெரில! பஸ்ல தொங்கிக்கினு போவீங்களே, லாட்டரி கீட்டரி வுழுந்துச்சா இன்னா?”

பெரியப்பா காதில் விழாதவர் போல இருந்தார். அவள் என் கன்னத்தைக் கிள்ளினாள்.

“பாப்பா, உங்க அப்பாரு அங்க சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கினு கீறாரு, நீ பெரியப்பாவாண்ட குந்திக்கினு ஊர்கோலம் போறியா!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணமில்லாத சிரிப்புதான். பெரியம்மா தலைப்பை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள். பெரியப்பாவின் கழுத்து பின்னாலிருந்து பார்க்கும்போதே சிவந்து தெரிந்தது. நஸீமாவின் அத்தா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் மாட்டு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடு ஒருவழியாகத் திரும்பியது.

இறக்கிவிடப் போகிறார் என்று நினைத்தேன். வீதி தாண்டியதும் அவர் சாதாரணமாகச் சொன்னார்.

“சந்துல திரும்பறதைப் பார்த்துட்டீங்க சார். வேகம் எப்படிப் போகுதுன்னும் பார்த்துடுங்க.”

காரைக் கடற்கரைச் சாலைக்குத் திருப்பினார். அப்போதெல்லாம் அந்தச் சாலையில் ஞாயிறு மாலையிலும் இடம் இருக்கும். கார் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சிவப்புக் கட்டடங்கள். நடுவில் ஒருமுறை அவர் கண்ணாடியில் பார்த்து, “காத்து ஜாஸ்தியா இருக்காம்மா? மேல மூடிடட்டுமா?” என்று கேட்டார்.

“வேண்டாம். இருக்கட்டும்” என்றாள் பெரியம்மா. முகத்திலிருந்து தலைப்பை எடுத்துவிட்டுக் கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவளைத் தாண்டி நஸீமாவைப் பார்த்தேன். கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுப் பக்கமாகக் காற்றில் ஓடியது. தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது, “எங்க சார் விடட்டும்?” என்றார். அடையாறுக்குத் திரும்பி நடந்துபோய் ஆட்டோ பிடிக்கும் நாடகத்துக்கு இனி அவசியமில்லை. பெரியப்பா எங்கள் தெருமுனையைக் காட்டினார். இறங்கினோம். பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கார் பற்றி ஒரு கௌரவமான குறையைத் தேடினார் போலும். கிடைக்கவில்லை.

“யோசிச்சு மெதுவாச் சொல்லுங்க சார். அவசரம் ஒண்ணும் இல்ல” என்று அவரே சொல்லி, பெரியம்மாவைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா உடை மாற்றிக்கொண்டாள். புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள்: “அந்த மனுஷர் நம்மை நன்னாத் திட்டி இறக்கி விட்டிருக்கலாம்.” பெரியப்பா சட்டையைக் கழற்றிவிட்டு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தேன், பலிக்கவில்லை. வகுப்பில் யார் சிரித்தாலும் என் கதைதான் என்று நடுங்கினேன். நஸீமா பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் தண்ணீர்க் குழாயடியில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது.

“நேத்து வந்ததை யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்லை.”

“சொல்லாத. ப்ளீஸ். மிஸ்கிட்டகூடச் சொல்லாத.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மானத்தைக் காப்பாற்ற என்னையே கெஞ்சுகிறாளே, எவ்வளவு நல்லவள் என்று நினைத்தேன்.

“நீயும் சொல்லாத” என்றேன்.

அவள் புரியாமல் பார்த்தாள். “நான் எதுக்குச் சொல்லப் போறேன்?” என்றாள். பிறகு மணியடித்தது.

அதற்குச் சில வாரங்கள் கழித்து அவள் அம்பாசடரில் வருவது நின்று, ஏதோ ஓர் ஆட்டோவில் கூட்டத்தோடு கூட்டமாக வந்தாள். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது வரவேயில்லை. வாணியம்பாடியில் தாத்தா வீட்டுக்கே போய்விட்டார்கள், அடையாறு வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப் போகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். கார் யார் கைக்குப் போனது என்று எனக்குத் தெரியாது.

எங்கள் இரண்டு பேரில் மறைப்பதற்கு ஏதோ இருந்தது எனக்கு மட்டும்தான் என்று அன்றைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். டீச்சர் வருகைப் பதிவில் அவள் பெயரை அடித்தபோது, அந்தப் பள்ளிக்கூடத்தில் இனி என்னைப் பற்றித் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை என்று மனசு லேசாகிவிட்டது. அன்று மத்தியானம் காலியான பெஞ்சில் சாப்பாட்டு டப்பாக்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.